இரு கடல்கள் சேரும் இடம்

மக்காவில் கஅபாவை ஏழுமுறை சுற்றிவரும் தவாஃபைத் தொடங்குபவர், முதலில் கஅபாவின் மூலையில் பதிக்கப்பட்ட கருங்கல்லான ஹஜருல் அஸ்வதை நோக்கி நிற்க வேண்டும். அதை நெருங்கி முத்தமிடும் பேறு எல்லோருக்கும் கிடைப்பதில்லை, எங்களுக்கும் கிடைக்கவில்லை. தொலைவில் நின்று கையை உயர்த்தி "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று சொன்னபோது, எங்கள் காயல்பட்டினத்து மத்ரஸாவில் ஹஜ்ரத் பலமுறை எடுத்துச் சொன்ன நபித்தோழரும் இரண்டாம் கலீஃபாவுமான உமர் (ரலி) அவர்களின் சொற்கள் நினைவுக்கு வந்தன. அந்தக் கல்லின் முன் நின்று அவர்கள் சொன்னார்கள்: "நீ தீங்கும் நன்மையும் செய்ய இயலாத ஒரு கல் என்பதை நான் அறிவேன். நபி (ஸல்) அவர்கள் உன்னை முத்தமிட்டதை நான் பார்த்திராவிட்டால், நானும் உன்னை முத்தமிட்டிருக்க மாட்டேன்."

இதைச் சொன்ன உமர் (ரலி) காரணம் கேட்காமல் எதையும் செய்பவர் அல்லர். தவாஃபின் முதல் மூன்று சுற்றுகளில் ஆண்கள் தோள்களை அசைத்து விரைந்து நடக்கும் ரமலைப் பற்றியும் அவர்கள் கேட்டார்கள். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு உம்ரா என்னும் சிறு யாத்திரைக்கு வந்த முஸ்லிம்களை யத்ரிபின் (மதீனாவின்) காய்ச்சல் பலவீனப்படுத்திவிட்டது என்று மக்காவின் குறைஷியர் பேசியதால், வலிமையைக் காட்டவே அவ்வாறு நடக்கும்படி நபி (ஸல்) கட்டளையிட்டார்கள். பிறகு மக்காவில் இணைவைப்பவர்கள் இல்லாமல் போனார்கள், காரணமும் நீங்கிவிட்டது. ஆயினும், இது நபி (ஸல்) செய்த ஒன்று, இதை விட்டுவிட நாம் விரும்பவில்லை என்றே உமர் (ரலி) முடித்தார்கள். காரணம் தெரிந்த செயலையும் தெரியாத செயலையும் அவர்கள் ஒரே பணிவுடன் செய்தார்கள் என்பதை, ஏட்டில் படித்தபோது உணராத அளவுக்கு தவாஃப் செய்யும் முற்றமான அந்த மதாஃபில் நடந்தபோது உணர்ந்தேன். எங்கிருந்து தொடங்க வேண்டும், கஅபா எந்தக் கைப்பக்கம் இருக்க வேண்டும், சுற்றின் எண்ணிக்கையில் ஐயம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நம் ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்கள் நுணுக்கமாக விளக்குகின்றன. சுற்று ஏன் ஏழு என்பதற்கோ குர்ஆன் காரணம் சொல்லவில்லை.

இவ்வாறு எழுதுவதால் இஸ்லாத்தில் கேள்விக்கு இடமில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தவாஃப் முடிந்து இரண்டு ரக்அத் தொழுவது இப்ராஹீம் (அலை) நின்ற இடமான மகாமு இப்ராஹீமின் பின்னால். அந்த இப்ராஹீம் (அலை) அவர்கள்தாம், "இறைவா, இறந்தவர்களை நீ எவ்வாறு உயிர்ப்பிக்கிறாய் என்பதை எனக்குக் காட்டுவாயாக" என்று கேட்டார்கள். "நீர் நம்பவில்லையா?" என்று அல்லாஹ் வினவியபோது, "நம்புகிறேன், ஆனால் என் இதயம் அமைதியடைவதற்காக" என்றார்கள். அவர்கள் கண்டிக்கப்படவில்லை, நான்கு பறவைகளைக் கொண்டு அவர்களுக்குக் காட்டப்பட்டது. தூர் மலையில் இறைவனையே காண வேண்டும் என்று கேட்ட மூஸா (அலை) அவர்களுக்கோ, "நீர் என்னைக் காண மாட்டீர்" என்ற பதில் கிடைத்தது. இருவரும் நபிமார்களே, இருவர் கேட்டதும் அன்பினாலேயே. ஒருவருக்குக் காட்டுவதும் மற்றவருக்கு மறைப்பதும் அவனுடைய விருப்பம்.

ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஏழுமுறை நடக்கும் ஸஃயில் நான் நினைத்துக்கொண்டிருந்தது, இப்ராஹீம் (அலை) அவர்களின் துணைவியார் அன்னை ஹாஜர் (அலை) கேட்ட கேள்வியை. பயிர்பச்சை இல்லாத பள்ளத்தாக்கில் தம்மையும் கைக்குழந்தையையும் விட்டுச் செல்லும் கணவரிடம், இதை அல்லாஹ்தான் உங்களுக்குக் கட்டளையிட்டானா என்று கேட்டார்கள். "ஆம்" என்றதும், "அப்படியானால் அவன் எங்களைக் கைவிட மாட்டான்" என்றார்கள். யாருடைய கட்டளை என்பதை உறுதிசெய்துகொண்ட அந்தத் தாய், ஏன் என்று தொடரவில்லை. ஆனால் நீர் தீர்ந்தபோது கைகட்டி உட்கார்ந்துவிடவும் இல்லை. இரண்டு குன்றுகளிலும் ஏறி ஏறித் தேடினார்கள். அப்போது அவர்களுக்காகப் பீறிட்ட ஜம்ஜம் இன்று கிணறாக இருக்கிறது. அது ஏறத்தாழ 30 மீட்டர் ஆழமுடையது, அதன் மேற்பகுதி இப்ராஹீம் பள்ளத்தாக்கின் வண்டலிலும் கீழ்ப்பகுதி பாறையிலும் அமைந்துள்ளது என்று நிலவியலாளர்கள் அளந்து சொல்கிறார்கள். அதன் நீர்மட்டத்தைக் கண்காணிக்கத் தனி ஆய்வு மையமே இருக்கிறது. இந்த அளவுகளையெல்லாம் படித்துவிட்டுத்தான் நான் அந்த நீரைக் குடித்தேன். என் பக்தி அதனால் குறைந்துவிடவில்லை.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் கனமான நேரம், மக்காவில் வந்த வெள்ளிக்கிழமை காலை. வெள்ளிதோறும் குர்ஆனின் 18ஆம் அத்தியாயமான சூரத்துல் கஹ்ஃபு ஓதுவது உம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பழக்கம். ஜும்ஆவுக்குப் புறப்படும் முன், உடன் வந்திருந்த தங்கைக்கும் மச்சானுக்கும் தங்குமிடத்தில் அதைத் தமிழ் விளக்கத்துடன் ஓதினேன். அவர்களுடைய மகன் பத்து வயதில் காய்ச்சல் கண்டு மவுத்தாகி எங்களைப் பிரிந்தவன். அதன்பின் தங்கை கஹ்ஃபு ஓதுவதை நிறுத்தவில்லை. மூஸா (அலை) அவர்களின் வரலாற்றுக்கு வரும்போது மட்டும் அவள் குரல் தாழ்ந்துவிடும்.

மக்களில் மிகவும் அறிந்தவர் யார் என்று கேட்கப்பட்டபோது "நான்" என்று சொல்லிவிட்டதற்காக மூஸா (அலை) கண்டிக்கப்பட்டு, தம்மைவிட அறிந்த அடியார் ஒருவரைத் தேடிப் புறப்பட்டதாக நபிமொழித் தொகுப்பான ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. "இரு கடல்கள் சேரும் இடத்தை அடையும்வரை நான் ஓய மாட்டேன், அல்லது நெடுங்காலம் நடந்துகொண்டே இருப்பேன்" என்கிறார்கள். தவ்ராத் வேதம் அருளப்பட்ட நபி, மாணவராக நடக்கிறார்! அங்கே சந்தித்த அந்த அடியாரான களிர் (அலை), "நீர் முழுமையாக அறியாத ஒன்றின் மீது எவ்வாறு பொறுமை கொள்வீர்?" என்று முதலிலேயே கேட்டுவிடுகிறார்கள். அவர்கள் சென்ற கப்பலின் விளிம்பில் ஒரு சிட்டுக்குருவி வந்தமர்ந்து கடலில் அலகை நனைத்தது. அல்லாஹ்வின் அறிவுக்கு முன்னால் என் அறிவும் உம் அறிவும் இந்தக் குருவி கடலிலிருந்து எடுத்த அளவுதான் என்றார்கள் களிர் (அலை). பிறகு களிர் (அலை) அவர்களால் கப்பல் ஓட்டையிடப்படுகிறது, ஒரு சிறுவனின் உயிர் எடுக்கப்படுகிறது, இடிந்துவிழ இருந்த சுவர் கூலியின்றி நிமிர்த்தப்படுகிறது. மூன்றுக்கும் உரிய காரணங்கள் பிரியும் வேளையில் சொல்லப்படுகின்றன.

ஓதி முடித்ததும் தங்கை கேட்டாள்: "காக்கா, அந்தப் பிள்ளையைப் பெத்தவங்களுக்கு யாராவது வந்து இதைச் சொன்னாங்களா?"

இத்தனை ஆண்டுகள் ஓதியும் எனக்குத் தோன்றாத கேள்வி இது. சொன்னதாகக் குர்ஆனில் இல்லை. காரணம் மூஸா (அலை) அவர்களுக்குச் சொல்லப்பட்டது, அவர்கள் வழியாக நமக்கும் வந்தது. கப்பல்காரர்களாவது, நல்ல கப்பல்களையெல்லாம் அபகரிக்கும் அரசனைப் பிறகு கண்டு ஊகித்திருக்கலாம். அந்தத் தாய் தந்தையருக்கு அதற்கும் வழியில்லை. இதை ஓதும்போதெல்லாம் நாம் மூஸா (அலை) அவர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறோம். வாழ்க்கையிலோ நமக்கு வாய்த்திருப்பது அந்தப் பெற்றோரின் இடம். அவர்கள் அறியாமலே அவர்கள்மீது இரக்கம் காட்டப்பட்டது, அதைவிடச் சிறந்த பிள்ளை அவர்களுக்கு நாடப்பட்டிருந்தது என்பதைத்தான் அந்த வசனங்கள் சொல்கின்றன. அந்தச் சிறுவன் பெற்றோரை வரம்புமீறலிலும் இறைமறுப்பிலும் தள்ளிவிடுவான் என்று சொல்லப்பட்ட காரணத்தை நம் வீட்டுப் பிள்ளைமீது ஏற்றிப் பேச யாருக்கும் உரிமையில்லை. அதைத் தங்கையிடம் அழுத்தமாகவே சொன்னேன். ஏன் என்பது நமக்கு வரவில்லை. வந்திருப்பது வாக்குறுதி. பிள்ளையை இழந்தும் அல்லாஹ்வைப் புகழ்ந்த அடியாருக்குச் சொர்க்கத்தில் "பைத்துல் ஹம்து" என்ற வீடு கட்டப்படும் என்ற நபிமொழி திர்மிதீ தொகுப்பில் இருக்கிறது. மச்சான் எதுவும் பேசவில்லை. தங்கை சற்று நேரம் அழுதுவிட்டு, ஒளு செய்து, எங்களுடன் ஜும்ஆவுக்குப் புறப்பட்டாள்.

மதீனாவில் அடக்கத்தலமான ஜன்னத்துல் பகீஃக்கு ஒரு காலையில் ஸலாம் சொல்லச் சென்றோம். பெயர் பொறிக்காத அந்த மண்ணறைகளுக்கிடையே ஹிஜ்ரி 179இல் வஃபாத்தான இமாம் மாலிக் (ரஹ்) அவர்களும் அடங்கியிருக்கிறார்கள். முவத்தா என்ற நபிமொழி நூலைத் தொகுத்த அந்தப் பேரறிஞரிடம் ஒருமுறை 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது, 32 கேள்விகளுக்கு "எனக்குத் தெரியாது" என்றே பதிலளித்ததாக அறிவிக்கப்பட்டுள்ளது. சூரா தாஹாவின் ஐந்தாம் வசனத்தைக் குறிப்பிட்டு, அர்ஷின் (இறை அரியணையின்) மீது அல்லாஹ் எவ்வாறு அமைந்தான் என்று ஒருவர் கேட்டபோது, இமாம் தலைகுனிந்தார்கள், வியர்த்தார்கள். பிறகு, அமைதல் அறியப்பட்டதே, எவ்வாறு என்பது அறிவுக்கு எட்டாதது, அதை நம்புவது கடமை, அதைத் துருவிக் கேட்பது பித்அத் (மார்க்கத்தில் இல்லாத புதுமை) என்றார்கள். வாழ்நாள் முழுவதும் நபிமொழிகளை ஆராய்ந்து தேர்ந்தவர், இந்த ஒரு வாசலில் வியர்த்து நின்றார்.

அன்று மஃரிபு, இஷா தொழுகைகளுக்கு இடையில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலான மஸ்ஜிதுந் நபவியில் அமர்ந்து சூரா தாஹாவை முழுமையாக ஓதினேன். "அவர்கள் அவனைத் தம் அறிவால் சூழ்ந்தறிய மாட்டார்கள்" என்கிறது 110ஆம் வசனம். அதிலிருந்து நான்கே வசனங்கள் தள்ளி, "இறைவா, எனக்கு அறிவை அதிகப்படுத்துவாயாக" என்று கேட்கும்படி நபி (ஸல்) அவர்களுக்குக் கட்டளை வருகிறது. இரண்டையும் தங்கைக்கு ஓதிக் காட்டினேன்.

ஊர் திரும்பியதும் அவள் பெண்கள் மத்ரஸாவில் தஃப்சீர் (குர்ஆன் விளக்க) பாடத்தில் சேர்ந்தாள். சூரத்துல் பகராவில் தொடங்கியிருக்கிறார்கள். அந்தச் சூராவைத் தொடங்கும் அலிஃப் லாம் மீம் என்ற எழுத்துகளுக்கு ஜலாலைன் தஃப்சீர் தரும் விளக்கம், அவற்றால் நாடப்படும் பொருளை அல்லாஹ்வே மிக அறிந்தவன் என்பதுதான் என்றும், அதையே ஆசிரியையான ஆலிமா முதல் நாள் பாடமாக நடத்தியதாகவும் சொன்னாள்.