கையில் இருக்கும் கார்டு

சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு, எந்த வேலை எந்த மெஷினில் ஓட வேண்டும் என்று ஒதுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது அந்த ஊர் வழக்கம். அப்புறம் ஆர்டர்கள் வந்து குவியும். அதனால் ஆடிக்கு முன்னால் எல்லாம் ஓட வேண்டும் என்பது பேச்சு.

அவர்கள் கேட்டது ஒன்றுதான். சூப்பர்வைசர் அண்ணாச்சியின் மேஜையில் இரண்டு திரைகள். இடது விண்டோவில் ஜாப் கார்டுகள், வலது விண்டோவில் மெஷின்கள். கார்டை மவுஸால் இழுத்து மெஷின் மேல் போட்டால் வேலை அங்கே சேர்ந்துவிட வேண்டும். அதுவரை சுவரில் இருந்த பலகையில் அட்டைகளைச் செருகித்தான் இதைச் செய்துவந்தார். கூடவே நீளமான கணக்கு நோட்டு ஒன்றிலும் எழுதிவைப்பார்.

எழுதியது சி ஷார்ப் மொழியில், விண்டோஸ் திரைகள் செய்ய உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸில். இழுப்பதைத் தொடங்க டூடிராக்டிராப் என்ற ஒரே அழைப்பு போதும். நாம் எழுதிய கிளாஸின் (தகவலுக்கான அச்சு) ஆப்ஜெக்டை (அந்த அச்சில் வார்த்த ஒரு தகவல் தொகுப்பு) அப்படியே அதன் கையில் கொடுக்கலாம். இரண்டு விண்டோவும் ஒரே புரோகிராமுக்குள் இருந்தால் நகல்கூட எடுக்கப்படாது, அதே ஆப்ஜெக்ட் அந்தப் பக்கம் போய்ச் சேரும். அந்த வசதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பின்னால் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்பின.

முதல் புகார் வேறு மாதிரி. கார்டை டபுள் கிளிக் செய்தால் விவரம் திறக்க வேண்டும். என் மேஜையில் சில சமயம் திறந்தது, அண்ணாச்சியிடம் திறக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பார்த்தேன். முப்பது வருஷம் மெஷினில் நின்ற கை, நகக்கண்ணில் மை. அழுத்தும்போது மவுஸ் மயிரிழை நகர்கிறது. நானோ பட்டனை அழுத்திய உடனேயே இழுப்பதைத் தொடங்கிவிட்டிருந்தேன். அப்படிச் செய்தால் டபுள் கிளிக் பிழைக்காது. அழுத்திய இடத்தைக் குறித்துவைத்து, மவுஸ் குறிப்பிட்ட தூரம் நகர்ந்த பிறகே தொடங்க வேண்டும். விண்டோஸ் அதற்கு ஓர் அளவே வைத்திருக்கிறது, வழக்கமாக 4 பிக்சல். அவர் கணினியில் அதை 10 ஆக்கினோம். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

அடுத்தது அவசர ஆர்டர். சாதாரண ஆர்டர் கிளாஸிலிருந்து பிறந்த இன்னொரு கிளாஸாக அதை எழுதியிருந்தேன். அந்தக் கார்டுகளை மட்டும் எந்த மெஷினும் ஏற்கவில்லை, குறுக்குக் கோடு போட்ட வட்டம்தான் வந்தது. காரணம் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் ஆனது. இழுக்கப்படும் ஆப்ஜெக்டுக்கு அதன் சொந்த கிளாஸின் முழுப் பெயரே அடையாளமாக ஒட்டப்படுகிறது. வலது விண்டோ ‘ஆர்டர் இருக்கிறதா?’ என்று கேட்கிறது. உள்ளே இருப்பதோ ‘அவசர ஆர்டர்’. அப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை. மற்ற எல்லா இடத்திலும் இந்த உறவு செல்லுபடியாகும், இங்கே பெயர் மட்டும்தான் ஒப்பிடப்படும்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

“தம்பி, இந்த டெய்லி காலண்டர் வேலை ரெண்டு மெஷின்ல நிக்குது பாருங்க” என்றார் அண்ணாச்சி. உண்மைதான். ஒரே ஜாப் எண், ஒரே வாடிக்கையாளர், இரண்டு இடத்தில். நோட்டில் ஒரு தடவைதான் எழுதியிருந்தார், அதனால் பிடித்துவிட்டார். இல்லையென்றால் இரண்டாவது மெஷினிலும் பிளேட் ஏறியிருக்கும், ரீம் ரீமாகப் பேப்பர் போயிருக்கும். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

அலுவலகத்தில் எத்தனை தடவை இழுத்துப் பார்த்தும் வரவில்லை. மறுபடி அண்ணாச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு மெஷினில் இருக்கும் கார்டை வேறொன்றுக்கு மாற்ற எடுத்து, பட்டனை விடாமல், இரண்டு மெஷின்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டே யோசிக்கிறார். எந்த மெஷினில் என்ன மை ஓடுகிறது, கழுவ எவ்வளவு நேரமாகும் என்று மனக்கணக்கு. அரை நிமிஷம், சில சமயம் ஒரு நிமிஷம். நாங்களெல்லாம் ஒரே வீச்சில் இழுத்துப் போட்டுத்தான் சோதித்திருந்தோம்.

டூடிராக்டிராப், பட்டனை விடும்வரை நம் புரோகிராமை அடுத்த வரிக்குப் போக விடாது. அதனால் எல்லாமே நின்றிருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியில்லை. காத்திருக்கும் நேரத்திலும் டைமர்கள், அதாவது குறித்த இடைவெளியில் தானாக ஓடும் வேலைகள், ஓடும். எங்கள் டைமர் 30 விநாடிக்கு ஒரு முறை டேட்டாபேஸிலிருந்து பட்டியலைப் படித்து, எல்லாக் கார்டுகளுக்கும் புது ஆப்ஜெக்ட் செய்துகொண்டிருந்தது. அவர் கையில் இருந்தது பழைய ஆப்ஜெக்ட். அதை மெஷினில் சேர்த்துவிட்டு, இருந்த இடத்திலிருந்து நீக்கப் போனால் அங்கே அது இல்லை, அதே எண்ணில் வேறொன்று இருக்கிறது. அது அப்படியே நின்றுவிட்டது.

இழுக்கும்போது டைமரை நிறுத்திவிடலாம் என்றார் உடன் வேலை செய்தவர். அதுவும் நடக்கும்தான். ஆனால் வேறு கணினியில் ஒருவர் அந்த ஆர்டரையே ரத்து செய்தால்? கையில் இருப்பது எடுத்த நொடியின் நிலவரம் மட்டும்தான். அதனால் ஆப்ஜெக்டைக் கொடுப்பதையே விட்டேன். எங்களுக்கென்று ஓர் அடையாளப் பெயர் வைத்து, அதன் கீழ் ஜாப் எண்ணை மட்டும் எழுத்தாக அனுப்பினேன். விழுந்த இடத்தில் அந்த எண்ணை வைத்து ஆர்டரைப் புதிதாகத் தேடி எடுத்து, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகர்த்தினோம். அவசர ஆர்டரின் பெயர்க் குழப்பமும் அதிலேயே அடிபட்டுப் போனது.

அடுத்த வருஷம் கொட்டேஷன் புரோகிராமிலிருந்தும் இழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அது தனி எக்ஸீ, அதாவது தனியாக ஓடும் புரோகிராம். ஆப்ஜெக்டாகவே அனுப்பியிருந்தால் அதை சீரியலைஸ் செய்ய, அதாவது பைட்டுகளாக மாற்றி அனுப்ப வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே கிளாஸ் இருக்க வேண்டும். அதற்கு அந்தக் காலத்தில் உதவிய பைனரி ஃபார்மேட்டரையும் பாதுகாப்புக் காரணத்தால் 2024-இல், சி ஷார்ப் ஓடும் தளமான டாட் நெட் 9-இலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்களுடையது வெறும் எண் என்பதால் அரை நாளில் முடிந்தது. கூடவே சாதாரண எழுத்தாகவும் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். கார்டை வேர்டில் போட்டால் ஜாப் எண்ணும் வாடிக்கையாளர் பெயரும் விழும். யாரும் கேட்காமல் செய்த வேலை அது. அக்கவுண்ட்ஸில் இருந்த அக்கா அதைத்தான் அதிகம் பயன்படுத்தினார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கார்டை விடும்போது ஓடும் டிராப் நிகழ்வுக்குள் எக்செப்ஷன், அதாவது புரோகிராம் பிழை வந்தால், பல சமயம் எந்தச் செய்தியும் காட்டாமல் விழுங்கப்பட்டுவிடும். கார்டு விழாது, ஏன் என்றும் தெரியாது. அதனால் டிராப்பில் எண்ணை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, உண்மையான வேலையை பிகின்இன்வோக் என்ற அழைப்பின் மூலம் அந்த நிகழ்வு முடிந்த பிறகு ஓடும்படி தள்ளினோம். பிழை வந்தால் சத்தமாக வரும்.

மாற்றியதை நிறுவிய அன்று அண்ணாச்சி ஒரு கார்டை எடுத்தார். சரியாக அப்போது போன். இடது தோளில் போனை இடுக்கிக்கொண்டு, பட்டனிலிருந்து விரலை எடுக்காமல் பிளேட் கடைக்காரரிடம் நிதானமாகப் பேசினார். பின்னால் பட்டியல் இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேசி முடித்து, கார்டை நான்கு கலர் மெஷினில் போட்டார். இடது பக்கம் மறைந்தது, வலது பக்கம் ஒன்றே ஒன்று வந்து உட்கார்ந்தது. “சரி தம்பி” என்று சொல்லிவிட்டு நோட்டை இழுத்து அந்த எண்ணை எழுதினார்.