சம்பா டேபிளில் குறுவை நெல்

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு நெல் வரவு எழுத, பைத்தான் மொழியில் இணையச் செயலி கட்ட உதவும் ஜாங்கோவில் ஒரு சின்ன மென்பொருள். எனக்கு முன்னால் இருந்தவர் தை மாதம் தொடங்கியிருக்கிறார். களமெல்லாம் சம்பா, மாடலுக்கும் (தகவல் சேரும் டேபிளுக்கு நிரலில் எழுதும் வரையறை) 'சம்பா' என்றே பெயர் வைத்துவிட்டார். புரட்டாசியில் குறுவை வந்து இறங்க, அதுவும் சம்பா டேபிளிலேயே ஏறியது. போதாக்குறைக்கு ஆலையில் சீரகச் சம்பாவும் வாங்க ஆரம்பித்தார்கள். பருவமும் சம்பா, ரகமும் சம்பா.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் கெட்டி. புது ரகங்களுக்கு ஊர்ப் பெயரைச் சுருக்கி ஒரு எண்ணைச் சேர்த்து ஏடிடி 36, ஏடிடி 43 என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். எந்தப் பட்டத்தில் விதைத்தாலும் பெயர் இடறாது.

ஜாங்கோ வழக்கப்படி மாடல் பெயர் ஒருமை. ரூபி மொழிக்காரர்களின் ரெயில்ஸிலும் அப்படித்தான், டேபிள் மட்டும் பன்மை. அட்மின் பக்கத்தில் பன்மைக்கு ஜாங்கோ கண்ணை மூடிக்கொண்டு ஒரு 'எஸ்' ஒட்டும். நான் 'நெல்' என்று ஒரு மாடல் எழுத, திரையில் 'நெல்ஸ்' வந்து நின்றது. கணக்கு எழுதும் அக்கா கேட்டார்: "யாரு தம்பி இந்த நெல்ஸு, புது வியாபாரியா?"

சம்பாவைக் 'கொள்முதல்' என்று மாற்ற உட்கார்ந்தேன். டேபிளில் செய்யவேண்டிய மாற்றங்களை ஒரு மைக்ரேஷன் கோப்பாக எழுதித் தரும் மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளையைக் கொடுத்ததும், இது பெயர் மாற்றம்தானா என்று ஜாங்கோ கேட்டது. பதில் அடிக்காமல் என்டர் தட்டினால் 'இல்லை' என்று அர்த்தம். தட்டிவிட்டேன். மைக்ரேஷன் கோப்பைத் திறந்திருந்தால் 'டிலீட்மாடல்' என்ற வரி கண்ணில் பட்டிருக்கும். திறக்கவில்லை. அந்தக் கோப்பைச் செயல்படுத்தும் மைக்ரேட் ஓடி முடிந்தபோது பழைய டேபிள் போய், காலியாக ஒரு புது டேபிள் இருந்தது.

முந்தின ராத்திரி பேக்கப் இருந்தது. அன்று காலை இறங்கிய நெல்லுக்கு அக்காவின் நோட்டுதான் கதி. அவர் வாசிக்க வாசிக்க நான் அடித்தேன்: "ஏடிடி 43, ஐம்பத்தெட்டு மூட்டை, ஈரம் பதினேழு." நடுவில் பக்கத்தை எட்டிப் பார்த்தேன். முதல் கட்டத்தின் தலைப்பு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு: 'லோடு'.

"ஒரு வண்டி இறங்குனா ஒரு வரி தம்பி. வேற என்னன்னு எழுதுறது?"

அன்று சாயங்காலமே மாடலை 'லோடு' ஆக்கினேன். ஜாங்கோ மறுபடி அதே கேள்வியைக் கேட்டது. 'ஒய்' அடித்துவிட்டு, கோப்பைத் திறந்து இரண்டு தடவை படித்தேன். அதற்குப் பிறகுதான் பருவம், ரகம் இரண்டையும் தனித்தனி ஃபீல்டு ஆக்கினேன். அட்மினில் இப்போது 'லோடுஸ்' என்று வருகிறது. அக்கா சிரிக்கட்டும் என்று இன்னும் மாற்றவில்லை.