பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் புகையைப் பாருங்கள்

டீசல் ஜீப் ஸ்டார்ட் எடுக்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் பொனட்டைத் திறக்கிறார்கள். பொனட் கிடக்கட்டும். யாரையாவது திறப்பைத் திருப்பச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் சைலன்சர் வாயைப் பாருங்கள். எஞ்சின் சுற்றும்போது புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம்? இது தெரியாமல் கொழும்பில் உதிரிச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குச் சாமான் வாங்கப் போவது வீண் செலவு.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. 2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்று 2025 தொடக்கம் வரை புதிதாக ஏறக்குறைய எதுவும் வராததால், முப்பது வருடம் ஓடிய பஜேரோ, டிஃபென்டர், ஹைலக்ஸ் எல்லாம் கையிலிருந்து கைக்கு மாறி, எனக்குத் தெரிந்த பாதிப்பேர் ஆளுக்கொரு கிழட்டு ஜீப் வைத்திருக்கிறார்கள். அது காலையில் எழும்பாவிட்டால் கராஜில் கேட்கிற முதல் வசனம் "பம்ப் போயிருக்கும்". டீசலை அழுத்தி, சிலிண்டருக்குள் பீச்சும் நொசில்களுக்கு அனுப்புகிற பம்பைத்தான் சொல்கிறார்கள். அதைக் கழற்றி, அளவு சரிபார்த்துக் கலிபரேட் பண்ணக் கொடுத்து, திரும்பப் பூட்டி டைமிங் வைத்து முடிக்கும்போது பில்லைப் பார்க்கத் தனித் தைரியம் வேண்டும். பம்ப் பழுதாகவே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது தேயும்போது மாதக்கணக்கில் சாடை காட்டும்: எஞ்சின் சூடாக இருக்கையில் ஸ்டார்ட் எடுக்கச் சுணங்கும், ஏற்றத்தில் இழுவை குறையும். நேற்று இரவு நன்றாக ஓடி வந்து நின்ற வாகனம் இன்று ஒரேயடியாக மௌனமானால் பம்ப் மீது பழி போட எனக்கு மனம் வராது.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் கிடையாது. பழைய பஜேரோவின் 4டி56 எஞ்சின் காற்றை 21 இல் ஒரு பங்காக நெரிக்கிறது. அப்படி நெரிபட்ட காற்று 500 பாகைக்கு மேல் சூடாகும், டீசலோ 210 பாகையைத் தாண்டினாலே தானாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே வேண்டியது வேகமான சுற்று, நல்ல கொம்பிரஷன் (காற்றை ஒழுகவிடாமல் நெரிப்பது), எயார் கலக்காத டீசல். இவை மூன்றும் இருந்தால் பெரும்பாலும் எவ்வளவு கிழட்டு எஞ்சினும் இரண்டு இருமல் இருமிவிட்டு ஓடத் தொடங்கும்.

சுற்று முதலில். மெதுவாகச் சுற்றினால் நெரிபடும் காற்றின் சூடு சிலிண்டர் சுவருக்கே போய்விடும். பெட்டரியை மீட்டரால் அளந்து 12.6 வோல்ட் இருக்கிறது, பெட்டரி நல்லது என்று சொல்பவர்கள் அதிகம். சும்மா இருக்கும்போது காட்டுகிற கணக்கை நம்பவே வேண்டாம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பாருங்கள், 9.6க்குக் கீழே விழுந்தால் பெட்டரி சரியில்லை, இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டர் அளவுக்கு மிஞ்சி இழுக்கிறது. பிறகு மீட்டரின் ஒரு முனையை பெட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை எஞ்சின் புளொக்கின் வெறும் இரும்பிலும் வைத்து இன்னொரு முறை சுற்றச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் வயரில் கறள். தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று கடற்கரைப் பக்கம் நிறுத்தி வைக்கிறவர்களுக்கு இது சர்வசாதாரணம், வெளியே பார்த்தால் வயர் பளபளவென்று இருக்கும், போல்ட்டைக் கழற்றினால்தான் கதை தெரியும். ஒரே தடவையில் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம், ஸ்டார்ட்டருக்கு ஆறுவதற்கு நேரம் கொடுங்கள்.

சரி, எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, பின்னால் புகையே இல்லை. அப்படியானால் டீசல் சிலிண்டருக்குள் போகவில்லை. அண்மையில் வெள்ளவத்தையில் ஒரு நண்பனின் பஜேரோ இப்படித்தான் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நின்றுவிட்டது. ஒரு மெக்கானிக் பாஸ் வந்து பார்த்துவிட்டு, பம்ப் கழற்ற வேண்டும், இழுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்.

"மச்சான், பம்ப் எண்டு சொல்லிட்டார்டா."

"புகை வந்ததா?"

"புகையா? ஒண்டும் வரேல்லை. வந்தா மேல் வீட்டு அன்ரி கீழ வந்திருப்பா."

போனேன். டீசல் ஃபில்டருக்கு மேலே கையால் அமுக்குகிற சின்ன பம்ப் ஒன்று இருக்கும். அதை அமுக்க அமுக்க இறுகி நின்றது, அதாவது டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் இருக்கிறது. அடுத்து 17 ஸ்பனரால் ஒரு நொசில் பைப்பின் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, பழந்துணியைப் போர்த்தி, திறப்பைத் திருப்பச் சொன்னேன். சொட்டுக்கூட வரவில்லை. (அந்த இடத்தில் விரலை வைக்காதீர்கள். 100 பாருக்கு மேல் அழுத்தத்தில் பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது ஆஸ்பத்திரி வேலை.) பம்புக்குள் டீசல் போகிறது, வெளியே வரவில்லை. பம்ப்தான் என்று இந்த இடத்தில்தான் பலர் முடிவு கட்டுகிறார்கள்.

ஆனால் இந்த வகைப் பம்பின் தலையில், நொசில் பைப்புகள் புறப்படுகிற இடத்தில், ஒற்றை வயர் மட்டும் வருகிற சின்னச் சொலனாய்ட் ஒன்று உட்கார்ந்திருக்கும். திறப்பைப் போட்டால் அதற்கு 12 வோல்ட் போகும், உள்ளே இருக்கும் ஊசி பின்வாங்கி டீசலுக்கு வழி விடும். திறப்பை எடுத்தால் வழி அடைபடும், எஞ்சின் நிற்கும். பழைய டீசல் எஞ்சின் ஓடுவதற்கு அவசியமான கரண்ட் வேலை இது ஒன்றுதான். ஓன் பண்ணியபோது டெஸ்ட் லாம்ப் அதில் எரியவே இல்லை. வயரைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் போட்ட வேறொரு வயரை பெட்டரியின் பொசிட்டிவில் இருந்து நேராகக் கொண்டுவந்து தொட்டதும் "டிக்" என்று ஒரு சத்தம், நட்டை இறுக்கிவிட்டுச் சுற்றச் சொன்னால் எடுத்துவிட்டது. அன்ரி கீழே வந்தார்.

கரண்ட் எங்கே தொலைந்தது என்று பின்தொடர்ந்து போனால் டாஷ்போர்டுக்கு அடியில் டேப் சுற்றிய ஒரு கறுப்புப் பெட்டி. முன்பு வைத்திருந்த யாரோ பூட்டிய திருட்டு அலாரம். பெற்றோல் வாகனத்தில் அலாரம் இக்னிஷனை அறுக்கும், டீசலில் அறுக்கக்கூடிய இடம் இந்தச் சொலனாய்ட் வயர்தான், ஆகவே அலாரம் பூட்டுகிறவர்கள் அதை வெட்டி நடுவில் ரிலே வைப்பார்கள். அந்த ரிலேயின் கால்கள் உப்புக் காற்றில் பச்சை பூத்து ஒன்று ஏறக்குறைய அறுந்தே இருந்தது. வயரை நேராகச் சேர்த்து ஈயம் பற்றவைத்து உறை போட்டோம், விஷயம் முடிந்தது. உங்கள் ஜீப்பில் யார் எப்போது பூட்டியதென்று தெரியாத அலாரம் இருந்தால் வழியில் நிற்பதற்கு முன்பே அதைத் தேடிப் பாருங்கள்.

புகை இல்லாததற்கு இன்னொரு காரணம் எயார். இரவு முழுக்க நிற்கும்போது எங்கோ ஒரு இடுக்கால் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே திரும்பி வடிந்துவிடும், காலையில் நெடுநேரம் சுற்றினால்தான் எடுக்கும், பகலில் ஒரு குறையும் இருக்காது. வெடித்த ரப்பர் டியூப், தளர்ந்த கிளிப், அந்தக் கை பம்புக்கு உள்ளே இருக்கும் ரப்பர், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். டீசல் வெளியே ஒழுகினால்தானே பழுது என்று நினைக்காதீர்கள், உள்ளே உறிஞ்சுகிற பக்கம் ஒழுகாது, காற்றைத்தான் இழுக்கும். எனக்குப் பிடித்த சோதனை சுத்தமான டீசல் போத்தல்: பம்புக்கு வரும் டியூபைக் கழற்றிவிட்டு, பம்பை விட உயரத்தில் வைத்த போத்தலில் இருந்து இன்னொரு டியூபால் நேரடியாகக் கொடுங்கள். கண்ணாடி போல உள்ளே தெரிகிற டியூப் என்றால் குமிழும் தெரியும். போத்தலில் ஓடி, டேங்கில் ஓடாவிட்டால் பம்ப் நிரபராதி.

டேங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பெற்றோல் செட்களில் வரிசை நின்று, கியூஆர் பங்கீடு வருவதற்கு முன்னால் கிடைத்த டீசலையெல்லாம் கானிலும் பரலிலும் சேர்த்து வைத்தவர்கள் ஏராளம். அந்தக் கான்களில் மிச்சம் கிடந்ததைப் பிறகு ஊற்றி ஃபில்டரை நாசமாக்கியவர்களையும் கண்டிருக்கிறேன். கொழும்பின் ஈரக் காற்றில் பாதி வெறுமையான டேங்கிலும் தண்ணீர் சேரும், தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் கறுப்பாக ஒரு வழுவழுப்பு வளரும். ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வையுங்கள், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

வெள்ளைப் புகை, மூக்கை எரிக்கும் டீசல் மணம் என்றால் டீசல் போகிறது, பற்றவில்லை. எஞ்சின் எடுப்பதற்கு முன் உள்ளே சூடாக்கித் தரும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். கொழும்பில் எதற்கு ஹீட்டர் என்று கேட்பார்கள். டீசல் நேராகச் சிலிண்டருக்குள் பாயும் டிஃபென்டர் 300 டிடிஐ போன்றவை இந்தச் சூட்டில் ஹீட்டர் இல்லாமலே எடுத்துவிடும். 4டி56 இல் டீசல் முதலில் பக்கத்திலுள்ள சின்ன அறைக்குள் போகிறது, அந்த அறை சூட்டை விழுங்கிவிடும், ஆகவே இங்கேயும் காலையில் ஹீட்டர் தேவை. நுவரெலியாவில் சொல்லவே வேண்டாம். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றி, பெட்டரி பொசிட்டிவில் மாட்டிய டெஸ்ட் லாம்பால் ஒவ்வொரு பிளக் தலையையும் தொடுங்கள், லாம்ப் எரியாத பிளக் செத்தது. ஸ்டார்ட் எடுக்க ஈதர் ஸ்பிரே அடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து ஹீட்டர் உள்ள எஞ்சினில் அடிக்காதீர்கள், வெடித்தால் ரிங்கோடு பிஸ்டனும் போகும்.

திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் வழக்கத்தை விட லேசாக, தடையே இல்லாமல் "விர்ர்" என்று சுற்றினால் அதோடு விட்டுவிடுங்கள். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டைச் சுற்றவைக்கிற டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். ஒயில் மூடியைக் கழற்றி உள்ளே ஏதாவது அசைகிறதா என்று, எஞ்சினைக் கையால் திருப்பிப் பார்த்தால் தெரியும். 4டி56 இல் எஞ்சினின் அதிர்வைக் குறைக்கும் தண்டுகளைச் சுற்றும் பலன்சர் பெல்ட் என்று இன்னொன்று உள்ளே இருக்கிறது, அது பிய்ந்து டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கினால் இரண்டும் சேர்ந்து போகும். பெல்ட் மாற்றும்போது இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

இதெல்லாம் பழைய எஞ்சின்களுக்கு. எல்லா நொசிலுக்கும் ஒரே குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கிக் கொடுக்கும் புதிய கொமன் ரெயில் எஞ்சினில் நொசில் பைப்பைத் தளர்த்தவே கூடாது, அங்கே அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். ஸ்கேனரைப் போட்டு ரெயில் அழுத்தத்தைப் படிப்பதுதான் வழி.

கடைசியாக, வெள்ளத்துக்குள் இறக்கிய ஜீப். ஒரு "டொக்" சத்தத்தோடு எஞ்சின் பூட்டிக்கொண்டால் சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கிறது, தண்ணீரை நெரிக்க முடியாது, இன்னொரு தடவை ஸ்டார்ட்டரை அடித்தால் கொனெக்டிங் ரொட் வளையும். ஹீட்டர் பிளக்குகளை எல்லாம் கழற்றி, முன்னால் உள்ள பெரிய நட்டில் ஸ்பனர் போட்டுக் கையால் சுற்றுங்கள், துளைகளால் தண்ணீர் பீறி வரும், முகத்தை நேராக வைக்க வேண்டாம். டிப் ஸ்டிக்கில் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஃபில்டரோடு சேர்த்து ஒயிலை மாற்றி, எயார் ஃபில்டர் பெட்டியையும் துடைத்து உலர்த்திய பிறகுதான் திறப்பில் கை வைக்க வேண்டும்.