கோத்தகிரியில் நின்றுபோன ஒரு ரோட்டரி கார்

நெடுநாள் நின்ற காரைக் கண்டதும் புது பேட்டரியைப் போட்டுச் செல்ஃப் அடித்துப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். ரோட்டரி எஞ்சின் கொண்ட மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரில் அதை ஒருபோதும் செய்யக்கூடாது. என் மாமா சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்த முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-7, கோத்தகிரியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தகரக் கொட்டகையில் பல ஆண்டுகள் கிடந்தது. அதை இப்போது மீட்டுக்கொண்டிருக்கிறேன்.

1978-ல் வெளிவந்த அந்த மாடலின் 12ஏ எஞ்சினில் பிஸ்டனும் கிடையாது, வால்வும் கிடையாது. புடைத்த முக்கோண வடிவ ரோட்டார்கள் இரண்டு, ஆட்டுக்கல் குழியில் குழவி ஒருபுறம் ஒதுங்கிச் சுழல்வதைப் போலத் தத்தம் அறைக்குள் சுழல்கின்றன. ரோட்டார் ஒரு சுற்று முடிப்பதற்குள் நடுத்தண்டு மூன்று சுற்றுகள் சுற்றிவிடும். மொத்தக் கொள்ளளவு 1,146 சிசி மட்டுமே. ரோட்டாரின் மூன்று முனைகளிலும் பதிந்திருக்கும் ஏபெக்ஸ் சீல் என்னும் மெல்லிய பட்டைகள்தான் இந்த எஞ்சினின் உயிர். 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் காரை வெளியிடுவதற்கு முன், கெனிச்சி யமமோட்டோ தலைமையிலான மாஸ்டா பொறியாளர்கள் இந்தச் சீல்கள் அறைச் சுவரில் போட்ட கீறல்களைச் ‘சாத்தானின் நகக்குறி’ என்றே அழைத்தார்கள். ரோட்டரி கார்களைத் தயாரித்த ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்தை அலைக்கழித்ததும் இதே சீல்கள்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழையும் விடாத மூடுபனியும் உள்ள ஊரில் வண்டி நின்றுவிட்டால், பக்கவாட்டு வார்ப்பிரும்புச் சுவர்களில் துரு பூக்கும். சீல்கள் தம் பள்ளத்துக்குள் கரியோடு இறுகி ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் துருத்தூளே அறைச் சுவரின் குரோம் பூச்சைக் கிழித்துவிடும். ஆகவே நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, துளை வழியே ஏடிஎஃப் எனப்படும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் சிவப்பு எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி ஊறவிட்டேன். அதன்பிறகு முன்புறப் புல்லி நட்டில் ஸ்பேனரை மாட்டி, எஞ்சின் ஓடும் திசையில் மட்டும், கைக்குத் தெரியும் எதிர்ப்பை மீறாமல், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். இந்த வேலையில் பொறுமையைத் தவிர வேறு கருவி எதுவும் பெரிதாகத் தேவைப்படவில்லை.

எஞ்சின் கையால் தடையின்றிச் சுழலத் தொடங்கிய பிறகு செல்ஃப் அடித்து அளந்து பார்த்த ஒரு மெக்கானிக், அறைக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் 70 பிஎஸ்ஐ அழுத்தம்தான் காட்டுகிறது, எஞ்சின் முடிந்துவிட்டது, பிரித்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. சர்வீஸ் புத்தகம் சொல்லும் கீழ்வரம்பு 85 பிஎஸ்ஐ என்பது உண்மைதான். ஆனால் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள கோத்தகிரியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். எனவே சமவெளியில் 85 காட்டும் எஞ்சின் இங்கே 68 அளவில்தான் காட்டும். மேலும், சாதாரண கேஜின் உள்ளே இருக்கும் ஒருவழி வால்வை எடுக்காமல் அளந்தால் ரோட்டாரின் மூன்று பக்கங்களான முகங்களில் வலுவானதன் அளவு மட்டுமே தெரியும். வால்வை எடுத்துவிட்டுப் பார்த்தபோது பின் ரோட்டாரில் ஊசி மூன்று முறையும் ஒரே சீராகத் துள்ளியது. முன் ரோட்டாரிலோ ஒரு துள்ளல் நன்றாகவும், அடுத்த இரண்டும் பாதிக்கும் கீழாகவும் இருந்தன. அடுத்தடுத்த இரண்டு முகங்கள் சோர்ந்திருந்தால் அவற்றுக்கு நடுவே உள்ள ஏபெக்ஸ் சீல் சிக்கியிருக்கிறது என்று பொருள். அப்படிச் சிக்கிய சீலுக்கு ஊறவைப்பதுதான் முதல் வைத்தியம். மறுபடியும் ஊறவைத்த பின் அந்த ஊசி மூன்று முறையும் ஒரே உயரத்துக்கு எழுந்ததைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

பெட்ரோல் டேங்கைக் கழற்றித் துரு நீக்கியதையும், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தாங்கும் ரப்பர் குழாய்களை மாற்றியதையும் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில் மட்டும் கவனம் வேண்டும். காற்று மெலிந்த இடத்தில் கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும், மிகுந்த பெட்ரோல் சீல்களின் மேலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக் கம்ப்ரஷனைக் கெடுத்துவிடும். எஞ்சின் சூடாகும் முன் அணைப்பதும் இதே கேட்டைச் செய்யும்.

முதல் முறை ஓடியபோது ஊறியிருந்த எண்ணெய் வெண்புகையாகத் தோட்டத்துச் சரிவெங்கும் பரவியது. புகை அடங்கிய பிறகும் ஆயில் அளவு மெல்லக் குறைந்துகொண்டே இருந்ததைச் சொன்னதும் மாமா, “குறையத்தான் செய்யும் மாப்ளே, சீலுக்கு எண்ணெய் விடன்னே உள்ளே ஒரு பம்ப் இருக்கு. குறையலைன்னாதான் பயப்படணும்” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி.

இனி பிரேக். மேட்டுப்பாளையம் சாலையில் இரண்டாம் கியரில் இறங்கினாலும் பிஸ்டன் எஞ்சின் தரும் அளவுக்கு ரோட்டரி எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. சுமையில் பெரும்பகுதி பிரேக்கின் மேல்தான் விழும். முன் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்கள் இரண்டும் இறுகிக் கிடக்கின்றன. அவற்றுக்கான ரப்பர் சீல்கள் வந்து, பிரேக் முழுவதையும் பிரித்துச் சரிசெய்யும் வரை வண்டி தோட்டத்துச் சமதளப் பாதையில் மட்டும் ஓடும்.