காவிரிக்கு எதிர்த்திசையில் ஒரு மே மாதம்

மே 2, வெள்ளி

அப்பாவும் அம்மாவும் இன்று காலை மைசூருக்கு வந்து இறங்கினார்கள். மயிலாடுதுறையில் ஏறினால் மாறாமல் இங்கேயே கொண்டுவந்து விடும் ரயில் என்பதால்தான் அம்மா இந்தப் பயணத்துக்கே சம்மதித்தாள். ஒரு பையில் முறுக்கு, இன்னொரு பையில் மருந்து, மூன்றாவதில் என்ன என்று இன்னும் பிரிக்கவில்லை.

என் கணவர் எந்த நாளில் எந்த இடம் என்று ஒரு பெரிய அட்டவணையே தயாரித்து வைத்திருந்தார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை மேலிருந்து கீழே படித்தார். "அரண்மனை, கடைத்தெரு எல்லாம் உங்க இஷ்டம் மாப்ளே. எனக்குக் கண்ணம்பாடியையும் தலைக்காவிரியையும் காட்டிடுங்க, போதும்."

கிருஷ்ணராஜசாகர் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு அது கண்ணம்பாடி அணைதான். அப்பா வாழ்நாள் முழுக்கக் கடைமடையில் நெல் விளைவித்தவர். காலையில் பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்தியைத் தாண்டி மேட்டூர் எத்தனை அடி என்று தேடுகிறவர். அட்டவணையை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுவிட்டார்.

மே 4, ஞாயிறு

அரண்மனை. ஞாயிறு மாலை விளக்கு போடுவார்கள் என்பதற்காகவே இன்று. செருப்பைக் கழற்றிவிட்டு அவ்வளவு தூரம் நடப்பதற்கு அம்மாவின் முழங்கால் முணுமுணுத்தது. ஆனால் நுழைந்ததும் தசரா பொம்மைகள் இருக்கும் இடம் வந்துவிட்டதால் அம்மா வலியை மறந்து அங்கேயே நின்றுவிட்டாள். மரப்பாச்சி எப்படி இருக்கவேண்டும் என்று பெரியவளுக்குப் பாடம் வேறு.

பழைய மர அரண்மனை 1897-ல் எரிந்துபோக, இப்போதுள்ளது 1912-ல் கட்டி முடிந்தது. வடிவமைத்த ஹென்றி இர்வினுக்குச் சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்திலும் பெரிய பங்கு உண்டு என்று கணவர் சொன்னதும் அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஒரு நிலவழக்குக்காக அந்தக் கட்டடத்தின் படிகளை நிறைய ஏறி இறங்கியவர் அவர். "அங்கயும் இப்படித்தான், அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும்."

இருட்டியதும் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்புகள் ஒரே நொடியில் எரிந்தன. சின்னவன் கை தட்டினான். அப்பா கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்டார்.

மே 7, புதன்

மிருகக்காட்சிசாலை. நேற்றே போயிருக்கலாம் என்றால் செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை. 1892-ல் தொடங்கிய இடம். மரங்கள் பெரிது பெரிதாக நின்று நல்ல நிழல். நடந்து சுற்றினால் பெரியவர்களுக்குத் தாங்காது என்று பேட்டரி வண்டியில் ஏற்றிவிட்டோம். ஒட்டகச்சிவிங்கியிடம் மட்டும் சின்னவன் இறங்கவே மறுத்து அழுதான்.

இன்றுதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். வெளியே கிளம்பும் நாளில் அம்மா காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. போகிற இடத்தில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற பயம். மே மாத வெயில், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, இதில் தண்ணீரும் கிடையாது. மதியம் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அதனால் இனி எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் உள்ளே போய்க் கழிப்பறையைப் பார்த்து வருவேன், அப்புறம்தான் டிக்கெட். அம்மா வெட்கப்பட்டாலும் பாட்டிலை வாங்கிக் குடித்தாள். சுற்றுலாத் தகவல் தருகிறவர்கள் இதை ஏன் முதல் வரியில் எழுதுவதில்லை?

மே 10, சனி

ஸ்ரீரங்கப்பட்டணம். காவிரி இரண்டாகப் பிரிந்து சூழ்ந்திருக்கும் தீவு. திப்பு 1799 மே 4-ஆம் தேதி விழுந்த இடத்தைப் பெரியவள் பள்ளிப் பாடத்தில் படித்திருந்தாள். தாத்தாவை அங்கே இழுத்துக்கொண்டு ஓடினாள். ஓடியது அவள்தான், தாத்தா நிதானமாகத்தான் வந்தார்.

அம்மாவுக்கு ரங்கநாதர்தான் முக்கியம். இவர் ஆதிரங்கர். காவிரிக்கரைப் பஞ்சரங்கத்தில் முதலாமவர் இங்கே, எங்கள் ஊர்ப் பக்கம் இந்தளூர்ப் பரிமள ரங்கநாதரும் அதே வரிசையில் வருகிறவர். "நாம கீழ ஆளு, இவரு மேல ஆளு. பார்த்துட்டேன்" என்று சந்நிதியை விட்டு வரும்போது சொன்னாள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வந்த தோரணை.

வெயில் சாய்ந்ததும் ரங்கனதிட்டு. பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் இதுதான். படகில் உட்கார்ந்தால் போதும், எல்லாம் தானாக எதிரே வருகிறது. பறவையியலாளர் சாலிம் அலி எடுத்துச் சொல்லி 1940-ல் சரணாலயம் ஆன தீவுகள். கிளைக்குக் கிளை மஞ்சள்மூக்கு நாரைகள். பாறை மேல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு முதலை. சின்னவன் என் மடியில் ஏறிக்கொண்டான். "நம்ம கொள்ளிடத்துலயும் உண்டுடா" என்றார் தாத்தா, முதலையிலும் ஊரை விட்டுக்கொடுக்காமல்.

மே 11, ஞாயிறு

கண்ணம்பாடிக்குப் போகும் வழியெல்லாம் கரும்பு. ஓர் இடத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையிலிருந்து புகை வர, அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். கொப்பரைக்குப் பக்கத்தில் நின்ற பெரியவருக்கும் அப்பாவின் வயதுதான். இவருக்குக் கன்னடம் தெரியாது, அவருக்குத் தமிழ் அரைகுறை. நடுவில் மொழிபெயர்ப்பாளர், மூன்றாம் வகுப்பு முடித்த என் மகள்.

எந்த ஊர் என்று அவர் கேட்டபோது கணவர் என்னைப் பார்த்தார். மண்டியா விவசாயியிடம் தஞ்சை டெல்டாக்காரர் என்ன பேசப்போகிறாரோ என்ற கவலை. அப்பா ஊரைச் சொன்னார். கரும்புக்கு என்ன விலை என்று கேட்டார். ஆலையில் பணம் எப்போது கைக்கு வரும் என்று கேட்டார். அந்தப் பெரியவர் சிரித்து, கையை ஆகாயத்துக்குக் காட்டினார். அப்பாவும் சிரித்தார். பிறகு வாய்க்கால் தூர்வாருவது, ஆள் கிடைக்காதது, பிள்ளைகள் வயலுக்கு வராதது என்று பேச்சு போனது. ஒரு கட்டத்தில் அப்பா, "தண்ணியை மட்டும் நீங்க..." என்று ஆரம்பித்தார். மகள் ஒரு நொடி யோசித்து, தாத்தா வெல்லம் நன்றாக இருக்கிறது என்கிறார் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டாள். கிளம்பும்போது இரண்டு அச்சு வெல்லம் சும்மா கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பிருந்தாவனத்தில் அப்பாவுக்குக் கோபம். அணையின் அடியில் தோட்டம், நீரூற்று, இசை எல்லாம் உண்டு. தண்ணீர் மட்டும் தெரியாது, சுவர்தான். மேலே ஏறவும் விடமாட்டார்கள். 1911-ல் வேலை தொடங்கி, சிமெண்ட் இல்லாமல் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுர்க்கிக் காரையில் எழுப்பிய சுவர் என்பதை மட்டும் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்.

நல்லவேளை, மறுகரையில் ஹொச கண்ணம்பாடி இருக்கிறது. அணை கட்டியபோது பழைய ஊரோடு மூழ்கிப்போன வேணுகோபாலசுவாமி கோயிலைப் பிற்காலத்தில் கல் கல்லாகப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். கோயிலுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டும் வரை நீர்த்தேக்கம். கோடை என்பதால் தண்ணீர் உள்ளே போய், கரையில் வெடித்த சேறு. முழு நீர்மட்டம் 124.80 அடி என்பது அப்பாவுக்கு மனப்பாடம். எத்தனை அடி குறைந்திருக்கும் என்று கண்ணாலேயே அளந்துகொண்டு நின்றார். அம்மா சாமி கும்பிட்டு வந்து, பிரசாதம் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தாள். அவர் அங்கேயேதான் இருந்தார்.

மே 14, புதன்

எங்கும் போகவில்லை. முழங்காலுக்குத் தைலம், துணி துவைப்பு, தாயம். அட்டவணையில் இன்னும் மூன்று இடங்கள் பாக்கி என்று கணவர் ஆரம்பித்தார். யாரும் பதில் சொல்லவில்லை.

மே 17, சனி

குடகு. வழியில் பைலகுப்பே திபெத்தியர் குடியிருப்பில் தங்கக் கோயில். மூன்று பெரிய சிலைகளுக்கு முன்னால் குழந்தைகள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எனக்கு அதுவே அதிசயம். இரவு மடிக்கேரியில் தங்கினோம். நல்ல மழை. அப்பா வராந்தாவை விட்டு உள்ளே வரவே இல்லை.

மே 18, ஞாயிறு

பாகமண்டலாவில் காவிரியோடு கன்னிகே சேர்கிறது; மூன்றாவதான சுஜ்யோதி கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தடியில் வருவதாக நம்பிக்கை. அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் மலைப்பாதை. நான்காவது வளைவில் சின்னவன் வாந்தி எடுத்தான். வண்டியைக் கழுவி, அவனுக்குச் சட்டை மாற்றி, ஒருவழியாக 1,276 மீட்டர் உயரத்திலுள்ள தலைக்காவிரிக்கு வந்து சேர்ந்தோம்.

பனிமூட்டம். பெரிய குளத்துக்கு மேலே சிறிய கல்தொட்டி ஒன்று, அதுதான் ஊற்று. குனிந்து பார்த்த மகள், "இவ்வளவுதானா தாத்தா?" என்றாள்.

"இது பேருக்குத்தான். நமக்கு வர்ற தண்ணி பாதி கபினி புண்ணியம். வயநாட்டுல மழை பேஞ்சாத்தான் மேட்டூர் ஏறும்" என்றார் அப்பா. அவ்வளவு தூரம் கூட்டிவந்த என் கணவரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! ஆனால் சொல்லிவிட்டு அவரே அர்ச்சகரிடம் இரண்டாம் தடவையும் தீர்த்தம் வாங்கிக்கொண்டார்.

ஐப்பசி முதல் நாளில் இந்தத் தொட்டியில் தண்ணீர் பொங்குவதைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடும். அதே மாதம் முழுக்க எங்கள் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் முழுக்கு. கடைசி நாள் கடைமுகம். அதற்கும் வரமுடியாதவர்களுக்குக் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. "என் முட்டிக்கு அதுதான் சரி" என்று அம்மா படியில் உட்கார்ந்து சிரித்தாள். ஆனால் எழும்போது, ஒரு ஐப்பசிக்கு இங்கே வரவேண்டும் என்றாள்.

ஒரு பாட்டிலில் தீர்த்தம் பிடித்துக்கொண்டோம். "இதையும் பிலிகுண்டுலுக் கணக்குல சேர்த்துக்கச் சொல்லுங்க மாப்ளே" என்றார் அப்பா. எல்லையிலுள்ள அந்த இடத்தில்தானே தமிழகத்துக்கு வரும் தண்ணீரை அளக்கிறார்கள்!

மே 21, புதன்

மாலை ரயில். பிரிக்காத மூன்றாவது பையில் இருந்தது எனக்காகக் கொண்டுவந்த வடகம் என்று இன்றுதான் தெரிந்தது. பிளாட்பாரத்தில் அப்பா கணவரின் போனை வாங்கி மேட்டூர் நீர்மட்டம் பார்த்தார். ஜூன் 12-ல் திறந்தால் குறுவை, இல்லையென்றால் நேரே சம்பாதான்.

அம்மா மறுபடியும் ஐப்பசிப் பேச்சை எடுத்தாள். "சம்பா வயல்ல நிக்கும்போது நான் எப்படி வர்றது? நீ போயிட்டு வா" என்றார் அப்பா. "தனியாவா?" என்றாள் அம்மா. ரயில் கிளம்பும்வரை அந்த விவாதம் முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவர் புதிதாக ஓர் அட்டவணையைத் திறந்துவிட்டார். முதல் வரியில் அக்டோபர், பக்கத்தில் அம்மாவின் பெயர் மட்டும்.