ஸ்டீரிங் லேசானா மேல ஒடிக்காத: வீல் பழகும் கதை

கார் ரேஸ் கேமில் கேம்பேடை வைத்துவிட்டு ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீலுக்கு, அதாவது உள்ளிருக்கும் மோட்டார் கைக்கு விசை தரும் ஸ்டீரிங்குக்கு, மாறினால் உடனே வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆரம்பத்தில் என் லேப் டைம், அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், கேம்பேடில் எடுத்ததைவிட மோசம். தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம்.

வீல் லாஜிடெக் ஜி29, ஓசூரில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கி தர்மபுரிக்கு பஸ்ஸில் கொண்டுவந்தது. கேம் அசெட்டோ கோர்சா. கார் மஸ்டா எம்எக்ஸ்-5, ட்ராக் இத்தாலியின் மஜியோனே. மொத்தச் சுற்றே இரண்டரை கிலோமீட்டர்தான் என்பதால் அதே வளைவு சீக்கிரம் திரும்பி வரும். பழகுவதற்கு அது போதும். தினம் ஒரு கார், தினம் ஒரு ட்ராக் என்று மாற்றிக்கொண்டிருந்தால் கைக்கு ஒன்றும் பதியாது.

மேசையில் வீலை இறுக்குவது சுலபம், பெடல்தான் பாடு. பிரேக் பெடலுக்குள் ஒரு ரப்பர் கட்டை இருப்பதால் பாதிக்கு மேல் கெட்டியாகிவிடும், ஓங்கி மிதிக்க வேண்டும். மிதித்தால் மொசைக் தரையில் பெடல் முன்னே நழுவும், சக்கரம் வைத்த நாற்காலி பின்னே ஓடும். பெடலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பலகையை அண்டக்கொடுத்து, பழைய மர நாற்காலிக்கு மாறியதும் சரியானது. செருப்பில்லாமல் மிதிப்பதே நல்லது.

அடுத்தது விசை அளவு. நூறில் வைத்தால் கம்பீரமாக இருக்கும், ஆனால் தகவல் வராது. மோட்டாரால் தர முடிந்த உச்சம் ஒன்று இருக்கிறது. கேம் அதற்கு மேல் எவ்வளவு கேட்டாலும் கைக்கு வருவது அதே உச்சம்தான். வளைவுக்கு நடுவில் இருக்கும் சின்ன மேடு பள்ளமும், டயர் பிடிப்பு ஏறி இறங்குவதும் அதில் அமுங்கிப்போகும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். கேமில் பெடல் அளவைக் காட்டும் ஆப்பிலேயே விசைக்கும் ஒரு பட்டை உண்டு. கிளிப் ஆனால் சிவப்பாகும். ட்ராக் ஓரத்து மேடான கெர்ப்பில் ஏறும்போது மட்டும் சிவப்பு எட்டிப்பார்க்கும் அளவுக்குக் குறைத்தேன். ஜி29-இல் மோட்டார் விசையைப் பல்சக்கரங்கள் கடத்துவதால், ஸ்டீரிங் நேராக நடுவில் இருக்கும்போது சின்ன விசைகள் கைக்கு எட்டாது. அதற்கு, சின்ன விசையையும் கைக்கு எட்டும் அளவுக்குத் தூக்கிக் கொடுக்கும் மினிமம் ஃபோர்ஸ் என்ற செட்டிங்கை ஒரு துளி ஏற்றலாம். அதிகம் ஏற்றினால் நேர்ப்பாதையில் வீல் தானாக இடமும் வலமும் ஆடும்.

விசை குறைந்த பிறகுதான் விஷயமே புரிந்தது. கனத்தை அல்ல, கனம் குறையும் நொடியைக் கவனிக்க வேண்டும். திரும்பும்போது முன் டயர் தரையைத் தொடும் இடம் முறுக்கிக்கொண்டு, ஸ்டீரிங்கை நடுவுக்கு இழுக்கும். பக்கவாட்டுப் பிடிப்பு உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே இந்த இழுப்பு குறைய ஆரம்பித்துவிடும். அதாவது டயர் வழுக்குவதற்கு முன்னாலேயே வீல் சொல்லிவிடுகிறது. தொப்பூர் கணவாயில் பல வருடம் லாரி ஏற்றி இறக்கிய மாமாவிடம் இதைச் சொன்னேன். "இதுல என்ன மாப்ள புதுசு? மழைல ஸ்டீரிங் பஞ்சாட்டம் ஆச்சுன்னா மேல ஒடிக்கக் கூடாது" என்றார். கேம்பேடில் கார் திரும்பவில்லை என்றால் கட்டைவிரல் இன்னும் தள்ளும். அந்தப் பழக்கத்தை விடத்தான் நாளாகிறது. லேசானதும் ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி, ஸ்டீரிங்கைக் கொஞ்சம் திருப்பி விட்டால் முன்பக்கம் மறுபடி பிடிக்கிறது.

பின்பக்கம் வழுக்கினால் கதை வேறு. கார் வால் போகும் திசைக்கு வீல் தானே சுழலும். இறுக்கிப் பிடித்தால் அதைத் தடுக்கிறோம். விரல்களைத் தளர்த்தி ஓடவிட்டு, பிறகு பிடிக்க வேண்டும். முதல் வழுக்கலைப் பிடித்துவிடுகிறேன். உடனே எதிர்ப்பக்கம் வீசும் இரண்டாவதில்தான் புல்லுக்குப் போகிறேன்.

மாமாவையும் உட்கார வைத்தேன். இரண்டு வளைவு ஓட்டியதும் எழுந்துவிட்டார். "கைக்குத் தெரியுது, முதுகுக்கு ஒண்ணும் தெரியலையே. வண்டி தூக்குறது சீட்டுலதானே தெரியும்?" நியாயமான கேள்வி. நிஜ வண்டியில் உடம்பு முதலில் உணர்வதை இங்கே கையும் கண்ணும்தான் சமாளிக்க வேண்டும். இரண்டாவது வழுக்கல் எனக்கு எப்போதும் தாமதமாகவே தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போதைக்கு ஏபிஎஸ் ஆனில்தான் இருக்கிறது. இடது காலால் பிரேக் மிதிக்கப் பழகுகிறேன். கிளட்ச் பழகிய கால் அது, மெல்ல அழுத்தச் சொன்னாலும் மொத்தமாக இறங்குகிறது.