குட்டனுக்கு எந்த இன்சுலின்? கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் அனுபவம்

என் பூனை குட்டனின் மணல் தட்டில் எறும்பு மொய்த்ததைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது. என் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதும் இப்படித்தான் தெரியவந்தது. யோசித்துப் பார்த்தால் ஒரு மாதமாகவே தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகிக்கொண்டிருந்தது. ஆறு கிலோ இருந்தவன் 4.8-க்கு இறங்கியிருந்தான். பின்னங்கால்களைக் குதிகால் வரைக்கும் தரையில் பதித்து நடந்தான்.

பாலக்காட்டில் டாக்டரிடம் காட்டியபோது ரத்தச் சர்க்கரை 412. பயத்திலேயே பூனைகளுக்குச் சர்க்கரை ஏறும் என்பதால், கடந்த சில வாரங்களின் நிலையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் டெஸ்டும் எடுத்தார். அதுவும் அதிகம். "பேடிக்கண்டா (பயப்பட வேண்டாம்) டீச்சர், சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லா வரும்" என்றார்.

எந்த இன்சுலின் என்பதற்குத்தான் நேரம் பிடித்தது. பூனைகளுக்குப் போடுகிற பிஇஸட்ஐ என்ற இன்சுலின் இருக்கிறது, பன்றி இன்சுலினில் செய்த லென்ட்டே இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கடைகளில் இரண்டுமே கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது ஒரு தடவை கொண்டுவந்து தந்தாலும் அடுத்த தடவைக்கு எங்கே போவது? மனிதர்கள் போடுகிற டெட்டிமிர் பூனைக்கு நன்றாக ஒத்துப்போகும். ஆனால் லெவிமிர் என்ற அந்த மருந்தை அமெரிக்காவில் 2024 கடைசியோடு நிறுத்தியாயிற்று. நின்றுபோகிற மருந்தில் இவனைப் பழக்க வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது கிளார்ஜின், அதுவும் மனிதர்கள் போடுகிற இன்சுலின்தான். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 1 யூனிட்.

முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது கார்ட்ரிட்ஜ் (இன்சுலின் பேனாவில் போடும் மருந்துக் குப்பி) வாங்கப் போனபோது எங்கள் ஊர்க் கடையில் ஸ்டாக் இல்லை. பக்கத்திலிருக்கும் சிற்றூர் டவுனில் இல்லை, பாலக்காட்டிலும் இல்லை. கடைக்காரத் தம்பி நல்ல மனசோடு ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். "அக்கா, எங்க அம்மாவும் இதுதான் போடறாங்க. இன்சுலின் எல்லாம் ஒண்ணுதானே?" அது 30/70 கலவை. அதில் ஒரு பங்கு வேகமாக வேலை செய்யும். பூனையின் உடம்பும் இன்சுலினைச் சட்டென்று செலவழித்துவிடும். அதனால் சர்க்கரை திடீரென்று விழுந்து, சில மணி நேரத்தில் மறுபடி ஏறிவிடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடை வாசலில் நின்றே டாக்டருக்குப் போன் போட்டேன்.

அவர் அன்று சொன்னது எனக்குப் பெரிய தைரியம் தந்தது. பிராண்டைத் தேடாமல் மருந்தின் பெயரைத் தேடச் சொன்னார். லாண்டஸ், பாசலாக், கிளாரிடஸ் எல்லாமே கிளார்ஜின்தான். எதை வாங்கினாலும் மில்லிக்கு 100 யூனிட் என்று அட்டையில் இருக்க வேண்டும். மாற்றியதும் ஒரு நாள் முழுக்கச் சர்க்கரை பார்க்க வேண்டும். பொள்ளாச்சியில் இருக்கும் என் தம்பி நாலு கடை ஏறி இறங்கி ஒரு படம் அனுப்பினான். "இதுலயும் கிளார்ஜின்னுதான் போட்டிருக்குக்கா." பெரிதாக்கிப் பார்த்தால் மில்லிக்கு 300 யூனிட். அதே மருந்து, மூன்று மடங்கு அடர்த்தி. அதை வைத்துவிட்டு வரச் சொன்னேன். மறுநாள் 100 யூனிட் கார்ட்ரிட்ஜ் இரண்டு கிடைத்தது. ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, மருந்து ஐஸில் படாமல் துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தான். உறைந்துவிட்டால் இன்சுலின் வீண்.

கூடவே சிரிஞ்சும் ஒரு பாக்கெட் வாங்கி வந்திருந்தான். அன்று சாயங்காலம் சமையல் மேடையில், டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து மருந்தை இழுத்தேன். முதல் கோடு வரை வந்தது. எப்போதும் இருப்பதைவிடத் துளி பெரிதாகத் தெரிந்தது. மூடியைப் பார்த்தேன், சிவப்பு. நான் வழக்கமாக வாங்குவது ஆரஞ்சு. சிவப்பு மூடி மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கான சிரிஞ்ச். அதன் ஒரு கோட்டில் 100 யூனிட் மருந்தை எடுத்தால் உள்ளே இருப்பது இரண்டரை யூனிட். குட்டன் காலடியில் சோற்றுக்காகக் கத்திக்கொண்டிருந்தான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. தம்பியைக் குறை சொல்ல முடியாது, நம் ஊரில் 40 யூனிட் பாட்டிலும் நிறைய விற்கிறது, அதற்கான சிரிஞ்சும் அதே கடையில் இருக்கிறது. அன்றிலிருந்து சிரிஞ்சையும் மருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் 100 என்று வாய்விட்டுப் படித்த பிறகுதான் ஊசி போடுகிறேன். இப்போது வாங்குவது அதே 100 யூனிட் மருந்துக்கான, அரை யூனிட் கோடு போட்ட, மொத்தம் 30 யூனிட் கொள்ளும் சிரிஞ்ச். சாதாரண இன்சுலின் பேனாவில் அரை யூனிட் வைக்க முடியாது என்பதால் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில்தான் எடுக்கிறேன்.

புது பிராண்ட் போட்ட ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை காது ஓரத்தில் குத்திப் பார்த்தோம். காலை 290, மத்தியானம் 135, சாயங்காலம் 240. மனிதர்களுக்கான மீட்டர் பூனைக்குக் கொஞ்சம் குறைத்தே காட்டும், அதையும் டாக்டர் கணக்கில் எடுத்துக்கொண்டார். டோஸை மாற்றவில்லை. 60-க்குக் கீழே போனால் ஈறில் தேன் தடவிவிட்டு உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார். தேன் பாட்டில் ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கிறது.

இப்போதெல்லாம் ஒரு கார்ட்ரிட்ஜை உடைத்த அன்றைக்கே அடுத்ததை வாங்கி வைத்துவிடுகிறேன். ஃப்ரிட்ஜ் கதவில் வைப்பதில்லை, நடுத் தட்டில்தான்.

நேற்று சாயங்காலம் குட்டன் மதில்மேல் ஒரே தாவலில் ஏறி உட்கார்ந்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் அவனால் திண்ணைப் படியே ஏற முடியவில்லை. ஊசி நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. கூப்பிட மனசு வராமல் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.